இடது சினைப்பை அசைந்த நாள்

கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோயான எண்டோமெட்ரியோசிஸுக்காக எனக்கு இரண்டு முறை லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் அறுவை, நடந்தது. முதல் முறை இடது சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உருவான சாக்லேட் கட்டியை எடுத்தார்கள். வலி விட்டது. ஒன்றரை வருடம் கழித்து, மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் அந்தப் பக்கம் யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போல ஆரம்பித்தது. ஸ்கேன் செய்த டாக்டர் கருவியை மெல்ல அழுத்தியபடி திரையைக் காட்டினார். வலது சினைப்பை வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. இடது அசையவே இல்லை. இடுப்புச் சுவரோடு ஒட்டிப்போயிருந்தது.

அறுவைக்குப் பின் உறுப்புகள் இப்படி ஒட்டிக்கொள்ளலாம் என்று முதல் அறுவைக்கு முன் யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. அதனால் இரண்டாவது முறை நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன்.

உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு காயப்பட்டால் அங்கே ஃபைப்ரின் என்ற புரதம் பசை போலப் படியுமாம். உடம்பு அதைச் சில நாட்களில் கரைத்துவிட வேண்டும். கரையாமல் நின்றால் அதன் மேலேயே திசு வளர்ந்து பக்கத்து உறுப்போடு பிணைத்துவிடும். சவ்வு ஆற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆக, ஒட்டலைத் தடுக்கும் வேலை பெரும்பாலும் அறுவை மேசையிலேயே முடிந்துவிடுகிறது: ரத்தக்கசிவை முழுக்க நிறுத்துவது, தேவைக்கு மேல் சூடு வைக்காதது, நன்றாகக் கழுவுவது. காயத்தின் மேல் போர்த்தும் செல்லுலோஸ் வலை ஒன்று உண்டு. தானாகக் கரைந்துவிடும், ஆனால் ரத்தம் கசிகிற இடத்தில் பயன்படாது. வயிற்றுக்குள் விடும் 4 சதவீத ஐகோடெக்ஸ்ட்ரின் திரவமும் இருக்கிறது. இவை ஒட்டலைக் குறைக்கலாம், அறவே தடுக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர். அப்படி வெளிப்படையாகச் சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

எனக்கு வலை வைத்தார்கள். கூடவே இடது சினைப்பையை ஒரு நூலால் தூக்கி வயிற்றுச் சுவரோடு தற்காலிகமாகக் கட்டினார்கள். இதனால் பலன் உண்டா என்பதில் டாக்டர்களிடையே ஒரே கருத்து இல்லை என்பதையும் முன்பே சொல்லியிருந்தார். அடிவயிற்றில், சின்னப் பஞ்சுத்துண்டின் மேல் நீல முடிச்சு. இருமினால் சுருக்கென்று இழுக்கும். ஐந்தாம் நாள் முடிச்சை வெட்டி நூலை உருவினார்கள். வலிக்கவில்லை, உள்ளே ஏதோ நழுவி இறங்கியது மட்டும் தெரிந்தது.

நடந்தால் ஒட்டாது என்று பலர் சொன்னார்கள். டாக்டரோ, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் நடக்கச் சொல்கிறோம், ஒட்டலைத் தடுக்கும் என்று நிரூபணம் இல்லை என்றார். சரி, நடந்தேன். நோய் திரும்பி மறுபடி அழற்சி கிளம்பாமலிருக்க டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையும் தொடர்ந்தது.

ஆறாவது மாதம் ஸ்கேன். கருவி அழுத்தியதும் இடது சினைப்பை நகர்ந்தது. வலது அளவுக்கு இல்லை, கொஞ்சம்தான். “இன்னொரு தடவை அழுத்துங்க டாக்டர்” என்றேன். அழுத்தினார். மறுபடி நகர்ந்தது.