டி-சர்ட்டின் பயணம், காதுவழியே

திருப்பூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளியல் எடுக்கிறேன். பன்னாட்டு வணிகப் பாடத்துக்கு முன்பு, அமெரிக்காவின் 'பிளானட் மணி' பாட்காஸ்ட் 2013-இல் ஒரு டி-சர்ட்டைப் பின்தொடர்ந்த கதையை ஸ்பீக்கரில் போட்டேன். ஆண்கள் சட்டைக்கான அமெரிக்கப் பருத்தி இந்தோனேசியாவில் நூலானது. ஆண்கள் சட்டை வங்கதேசத்திலும் பெண்கள் சட்டை கொலம்பியாவிலும் தைக்கப்பட்டன. அடிக்கடி நிறுத்தித் தமிழில் சொன்னேன். இது முக்கியம், ஆங்கிலம் வேகமாக ஓடினால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள்.

"ஏன் சார், நம்ம ஊருக்கு வரல?" என்றாள் ஒருத்தி. அவள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார்.

சரி, அங்கேயே பாடம் தொடங்கியது. வங்கதேசத்தின் குறைந்த கூலி, அமெரிக்காவோடு கொலம்பியாவுக்கு 2012 முதல் இருக்கும் தடையற்ற வணிக ஒப்பந்தம் என்று கரும்பலகை நிறைந்தது. மறுநாள் அவள் பீஸ் ரேட், அதாவது ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி விவரத்தோடு வந்தாள்.