மைன்கிராஃப்ட் சர்வருக்கு முதல் பிளகின்: எங்கே தொடங்குவது

பிளகின் (மைன்கிராஃப்ட் சர்வரில் புது வசதி சேர்க்கும் சின்ன ஜாவா நிரல்) எழுத ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஜாவா முழுசாகப் படித்துவிட்டுத்தான் வரணுமா?" என்பதுதான். வேண்டாம். வேரியபிள், இஃப், லூப், மெத்தட், கிளாஸ், இன்டர்ஃபேஸ், அப்புறம் லிஸ்ட்டும் ஹாஷ்மேப்பும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் போதும். மீதி ஜாவாவை எழுத எழுதக் கற்றுக்கொள்ளலாம். நானே ஜாவாவை ஒழுங்காகப் புரிந்துகொண்டது பிளகின் எழுதித்தான். ஆனால் இந்த அடிப்படைகூட இல்லாமல் வந்தால், பிழை ஜாவாவிலா சர்வரிலா என்றே தெரியாமல் தவிக்க வேண்டியிருக்கும்.

சர்வரை ஓட்டப் பேப்பர் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். புக்கிட், அதிலிருந்து ஸ்பிகாட், அதிலிருந்து பேப்பர் என்று வந்த வரிசை இது. அதனால்தான் இன்றைக்கும் இம்போர்ட் வரிகளில் புக்கிட் என்ற பெயரே நிற்கிறது, பழைய பாடங்களில் பாதி இன்னும் செல்லுபடியாகிறது. மீதிப் பாதியில்தான் ஆபத்து. 2018இல் வந்த 1.13 பதிப்பு பிளாக்குகளின் எண் ஐடிகளை ஒழித்துவிட்டது. பாடத்தில் பிளாக்கை எண்ணால் குறிப்பிட்டால் அதை மூடிவிட்டு வேறு தேடுங்கள். 1.20.5 முதல் குறைந்தது ஜாவா 21 வேண்டும், 26.1 முதல் ஜாவா 25. சர்வரைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டி, முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்து உள்ளே நுழையுங்கள். எடிட்டருக்கு இன்டெலிஜே. அதற்கென்றே இருக்கும் மைன்கிராஃப்ட் டெவலப்மென்ட் என்ற நீட்சி, காலியான புராஜெக்ட்டை உருவாக்கித் தந்துவிடும். நிறுவுவதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

கல்லூரியில் ஜாவா படித்துவிட்டு வருகிறவர்கள் முதலில் திகைப்பது, மெயின் மெத்தட் எங்கே என்றுதான். அது சர்வரிடம் இருக்கிறது. சர்வர் தொடங்கும்போது உங்கள் ஜார் ஃபைலுக்குள் (பில்ட் செய்தால் கிடைக்கும் பிளகின் தொகுப்பு) இருக்கும் பிளகின்.ஒய்எம்எல் என்ற விவர ஃபைலைப் படித்து, அதில் எழுதியிருக்கும் கிளாஸைத் தேடிப் பிடித்து, அதன் ஆன்எனேபிள் மெத்தடைக் கூப்பிடும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதியது எதுவும் தானாக ஓடாது. யாராவது உள்ளே வந்தால், பிளாக்கை உடைத்தால், கட்டளை அடித்தால் சர்வர் உங்களைக் கூப்பிடும். பிளகின் எழுதுவது என்றால், எந்த நேரத்தில் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று சர்வரிடம் சொல்லி வைப்பது. இது மனதில் ஏறிவிட்டால் பாதி கிணறு தாண்டியாயிற்று. இப்படிக் கூப்பிடப்பட வேண்டிய லிசனர் கிளாஸை அழகாக எழுதிவிட்டு, ஆன்எனேபிளில் அதைப் பதிவு செய்ய மறந்தால் பிழையே வராது. எதுவும் நடக்காது, அவ்வளவுதான். "கோடு சரியாகத்தான் இருக்கு, ஆனா வேலை செய்யல" என்ற புலம்பல்களில் நிறைய இந்த ரகம்.

முதல் பிளகினாக, உள்ளே வருபவருக்கு வணக்கம் சொல்வதை எழுதாதீர்கள். அதில் கற்க எதுவும் இல்லை. விளையாடுபவர் கடைசியாக இறந்த இடத்தை நினைவில் வைத்து, கட்டளை அடித்தால் சொல்கிற பிளகினை எழுதுங்கள். (1.19இல் வந்த ரெக்கவரி காம்பஸ் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. பரவாயில்லை, நமக்குப் பயிற்சிதானே வேண்டும்.) பிளேயர்டெத்ஈவென்ட் வரும்போது இடத்தை எடுத்து ஒரு ஹாஷ்மேப்பில் போடுகிறீர்கள். சாவியாக எதை வைப்பது? பெயரை வைத்தால், 2015 முதல் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் ஆள் தொலைந்துபோவார். பிளேயர் ஆப்ஜெக்ட்டையே வைத்தால், அவர் வெளியே போய்த் திரும்பி வரும்போது புது ஆப்ஜெக்ட் உருவாகிறது. பழையது பயனில்லாமல் மெமரியில் கிடக்கும். அதனால் யூயூஐடி, அதாவது ஒவ்வொருவருக்கும் உள்ள மாறாத தனி அடையாள எண். அடுத்து கட்டளை. அதை விளையாடுபவர்தான் அடிப்பார் என்று நம்ப முடியாது, சர்வர் கன்சோலிலிருந்தும் அடிக்கலாம். கன்சோல் எங்கே இறந்தது? முதலில் அனுப்பியவர் பிளேயரா என்று சோதித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். சரி, சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினால்? மேப் காலி. இப்போது பெர்சிஸ்டென்ட் டேட்டா கன்டெய்னர் (பிளேயர் போன்றவற்றோடு தகவலை நிரந்தரமாகச் சேமிக்கும் வசதி) பக்கம் போவீர்கள். உலகத்தின் ஐடியையும் மூன்று ஆயத்தொலைவுகளையும் பிளேயரோடு சேர்த்தே சேமித்துவிடலாம். இவ்வளவு சின்ன பிளகினில் ஈவென்ட், கட்டளை, சேமிப்பு மூன்றும் வந்துவிட்டன.

இதை எழுதும்போது ஒரு பிழையை அநேகமாகப் பார்ப்பீர்கள். சர்வர் தொடங்கும்போது, பிளகினை எனேபிள் செய்கையில் பிழை என்று சிவப்பில் வரும். கூடவே அடைப்புக்குறிக்குள் "இஸ் இட் அப் டு டேட்?" என்று ஒரு கேள்வி. அதை நம்பி ஜாவாவையும் பேப்பரையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், எந்தப் பிழை வந்தாலும் அது அதையேதான் கேட்கும். அதற்குக் கீழே பாருங்கள். நல்பாயின்டர்எக்செப்ஷன், கெட்கமாண்ட் (கட்டளையைப் பெயரால் எடுக்கும் மெத்தட்) திருப்பித் தந்தது நல், அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதியிருக்கும். அதற்கும் கீழே உங்கள் பேக்கேஜ் பெயரோடு வரி எண். காரணம்: கட்டளையின் பெயரை பிளகின்.ஒய்எம்எல்லில் எழுதவில்லை, அல்லது எழுத்து மாறியிருக்கிறது. எழுதித்தான் இருக்கிறேன் என்றால் இடைவெளிகளைப் பாருங்கள், அந்த ஃபைலில் டேப் கூடாது. நீளமான பிழைச் செய்தி எதுவானாலும் உங்கள் பேக்கேஜ் பெயர் வரும் முதல் வரியைத் தேடுங்கள். "காஸ்ட் பை" என்று பல இருந்தால் கடைசியில் இருப்பதுதான் உண்மையான காரணம்.

அடுத்த கட்டத்தில் தடுக்குவது நேரம். சர்வர் நொடிக்கு 20 டிக் ஓடுகிறது, ஒரு டிக்குக்கு 50 மில்லிநொடி. மிருகங்கள் நடப்பது, தண்ணீர் ஓடுவது, மற்ற பிளகின்கள், உங்கள் கோடு என்று கிட்டத்தட்ட எல்லாமே அந்த 50க்குள், ஒரே திரெட்டில் (வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வரிசை) முடிய வேண்டும். ஐந்து நொடி கழித்துச் செய்தி அனுப்ப திரெட்.ஸ்லீப் போட்டால், உங்கள் பிளகினோடு சேர்ந்து மொத்த சர்வரும் ஐந்து நொடி உறைந்து நிற்கும். அதற்கு ஷெட்யூலர் இருக்கிறது, 100 டிக் கழித்துக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். டேட்டாபேஸ், இணைய அழைப்பு போன்ற மெதுவான வேலைகளை அசிங்க் டாஸ்க்கில் (மெயின் திரெட்டுக்கு வெளியே ஓடும் வேலை) போடுங்கள். ஆனால் அங்கிருந்தபடி பிளாக்கை மாற்றாதீர்கள். பதிலை எடுத்துக்கொண்டு மெயின் திரெட்டுக்குத் திரும்பி வந்து மாற்றுங்கள். பிளேயர்மூவ்ஈவென்ட்டிலும் கை வைக்க யோசியுங்கள். தலையைத் திருப்பினாலே அது வரும்.

கோடை மாற்றியதும் ரீலோட் கட்டளை அடிக்கும் பழக்கம் வேண்டாம். பழைய கிளாஸ்களின் மிச்சம் தங்கி, இல்லாத பிழைகளைத் துரத்த வைக்கும். சர்வரை நிறுத்தித் தொடங்குங்கள். பில்டுக்குக் கிரேடில் என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் அதற்கான ரன்-பேப்பர் நீட்சியைச் சேர்த்துக்கொண்டால், பில்டும் சோதனை சர்வரும் ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

வீடியோ பார்த்துப் படிப்பதைவிடப் பேப்பரின் ஜாவாடாக்கை (கிளாஸ், மெத்தட் விவரங்கள் உள்ள பக்கங்கள்) திறந்து வைத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. முதலில் மிரட்டும். பிளேயர் இன்டர்ஃபேஸின் பக்கத்தை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பாருங்கள். எதெல்லாம் ஏற்கெனவே ஒரே வரியில் கிடைக்கிறது என்று தெரியும். கடைசியாக இறந்த இடத்தைக் கேட்கும் மெத்தடும் அங்கேயே இருக்கிறது. உங்கள் பிளகினை எழுதி முடித்த பிறகு அதைப் பாருங்கள்.