'காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திடும்போது

பதினொரு ஆண்டுகளாக ஆய்வகத்தில் மலப் பரிசோதனை மேசை என்னுடையது. நானே கேட்டு வாங்கிக்கொண்ட மேசை.

வளரும் நாடுகளின் நோயாளிகளிடையே குடல் ஒட்டுண்ணிகள் எவ்வளவு பரவலானவை என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்பார்கள். மண் வழியாகப் பரவும் புழுக்கள் மட்டுமே உலகில் சுமார் 150 கோடிப் பேரின் குடலில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியவைதான் அதில் முக்கியமானவை. அமீபாவும் ஜியார்டியாவும் புழுக்கள் அல்ல, ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள்; அவை அந்தக் கணக்கில் வராது. எனக்குக் கவலை, எங்கள் கண்ணில் படாமலே வீட்டுக்குப் போய்விடுகிறவர்களைப் பற்றி.

சென்ற ஆண்டு ஒரு பெண் வந்தார். ஹீமோகுளோபின் 6.8. எட்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஏறவில்லை. அவருடைய பழைய அறிக்கையைப் புரட்டினேன். 'புழு முட்டை காணப்படவில்லை.' கீழே இருந்தது என் கையெழுத்து.

நேரடியாக ஸ்லைடில் தேய்த்துப் பார்க்கும்போது நம் கண்ணுக்கு வருவது இரண்டு மில்லிகிராம் மலம்தான். அதில் முட்டை இல்லையென்றால் வயிற்றில் புழு இல்லை என்று ஆகிவிடாது. இம்முறை மாதிரியைச் செறிவான உப்புக்கரைசலில் கலக்கி, குழாயின் விளிம்பு ததும்ப நிரப்பி, மேலே கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்தேன். கொக்கிப்புழு முட்டை இலேசானது. மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இருபது நிமிடம் கழித்து நுண்ணோக்கியில் வைத்தேன். நீள்வட்டம், கண்ணாடி போன்ற மெல்லிய ஓடு, உள்ளே நான்கு செல்கள், ஓட்டுக்கும் செல்களுக்கும் நடுவே தெளிவான இடைவெளி. சற்றுத் தள்ளி இன்னொன்று.

கொக்கிப்புழுவில் ஒரு வகை, புழு ஒன்றுக்கு நாளைக்கு 0.2 மில்லி வரை ரத்தத்தை வீணாக்கும். நூறு புழு இருந்தால் நாளைக்கு 20 மில்லி. எட்டு மாதம் அந்தப் பெண் மாத்திரையில் சேர்த்ததெல்லாம் எங்கே போனது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வீட்டுக்குப் போன பிறகும் வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அமீபா விஷயம் வேறு. தண்ணீராகப் போகும் மலத்தை அரை மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் உயிரோடு ஊரும் அமீபாவைப் பிடிக்கலாம். காலையில் எடுத்த டப்பா மதியம் மேசைக்கு வந்தால் நான் என்ன செய்ய? ஜியார்டியாவோ ஒருநாள் வெளிப்படும், மறுநாள் ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு மாதிரியை வைத்து, இத்தனை சதவீத நோயாளிகளுக்குத்தான் தொற்று என்று சொல்லும் கணக்கை நான் நம்புவதில்லை.

இப்போதெல்லாம் ரத்தசோகை, நாள்பட்ட வயிற்றுப்போக்கு என்று சீட்டில் கண்டால், ஒருநாள் விட்டு ஒருநாள் கொண்டுவரச் சொல்லி மூன்று டப்பாக்களைக் கையில் கொடுத்துவிடுகிறேன். பலர் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள். நேற்று வயதான ஒருவர் மூன்றாவதையும் கொண்டுவந்தார். முதல் இரண்டிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஜியார்டியா இருந்தது.