வேலை போனது யாருக்கு?

2020 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன், மதுரையிலிருந்து அம்மா தொலைபேசியில் இருந்தபோது, பக்கத்தில் நின்ற மனைவியிடம் "ஐந்து வருஷம் வேலை பார்த்தவரை அனுப்பிவிட்டார்களாம்" என்று நான் சொன்னது அவர் காதிலும் விழுந்துவிட்டது. "யாருக்குடா வேலை போச்சு? உனக்கா?" என்று பதறினார். கொரோனாக் காலம், ஊரெல்லாம் ஆட்குறைப்புச் செய்தி. எனக்கில்லை, இங்குள்ள பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ஒருவருக்கு என்று விளக்கியதும் பதற்றம் எரிச்சலாக மாறியது. "அந்த ஆளுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?"

அந்த ஆள் டான் பிரவுன், மிஷிகன் பல்கலைக்கழக அணியின் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது தடுப்பாட்டப் பயிற்சியாளர். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை முன்னே கொண்டுசெல்லப் பதினொருவர், எதிரணியைத் தடுக்க வேறு பதினொருவர் என்று ஒரே அணிக்குள் இரண்டு அணிகள் உண்டு. தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே இரண்டுக்கும் தனித்தனிப் பொறுப்பாளர்கள். தடுப்பாட்டப் பயிற்சியாளரின் வேலையைக் கிரிக்கெட்டில் சொல்வதானால், பந்துவீச்சுப் பயிற்சியையும், பந்துக்குப் பந்து ஃபீல்டிங் நிறுத்தும் கேப்டனின் தலைவலியையும் ஒருவர் தலையில் கட்டியது போல. இது எனக்குப் புரியவே இரண்டு பருவங்கள் பிடித்தன.

2018 ஆகஸ்டில், மிஷிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பருக்கு வந்து, வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக, மைதானத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு பிடித்தோம். குறைந்த வாடகையின் பொருள் உள்ளூரில் நடந்த முதல் ஆட்டத்தன்று விளங்கியது. 1,07,601 இருக்கைகள் கொண்ட மைதானத்துக்கு வருகிறவர்களின் கார்கள், அக்கம்பக்கத்தார் புல்வெளிகளில் காசு வாங்கிக்கொண்டு நிறுத்தப்பட்டு, எங்கள் தெருவையும் அடைத்துவிட்டதால், பால் வாங்கப் போன நான் வீடு திரும்ப மாலையாயிற்று. கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அன்று சலித்துக்கொண்டேன். பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளர்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த ஆண்டு முதல் ஆட்டத்தில் தோற்ற அணி, பிறகு தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்றது. நாட்டின் சிறந்த தடுப்பாட்டங்களுள் ஒன்று எங்களுடையது என்று எல்லோரும் மார்தட்டிக்கொண்டிருக்க, நவம்பர் கடைசியில் பரம வைரியான ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியிடம், அவர்கள் ஊரான கொலம்பஸில், 62-39 என்று தோற்றது. மறு ஆண்டு நம் ஊரிலேயே 56-27. இரண்டாவது ஆட்டம் முடிந்தபோது தெரு வழியே போன கூட்டம், இழவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்களைப் போலப் பேச்சில்லாமல் போனது.

ஏன் தோற்றோம் என்பதை எனக்குக் கற்பித்தவர் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தொற்றுக் காலத்தில் யாரும் யார் வீட்டுக்குள்ளும் போக முடியாததால், பனி அள்ளும் வேளைதான் எங்களுக்குத் திண்ணை. ஒருநாள் காலை, நான் இன்னும் அள்ளாமல் வைத்திருந்த பனியின் மேல் மண்வெட்டிக் காம்பால் இரண்டு கோடுகளைக் குறுக்கு நெடுக்காக, ஒன்றையொன்று வெட்டும்படி இழுத்தார். எதிரணியின் இரண்டு பந்து பிடிப்பவர்கள் இப்படி எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து குறுக்கே ஓடுகிறார்கள். பிரவுன் ஆளுக்கு ஓர் ஆளை நியமித்துத் துரத்தச் சொல்கிறவர். துரத்துகிற நம் பிள்ளைகள் கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒருவரையொருவர் முட்டிக்கொள்ள, வேகக்காரனான எதிராளி ஓர் அடி முந்திவிடுகிறான். அந்த ஓர் அடிதான் 62 புள்ளிகள் என்று சொல்லிவிட்டு, கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மட்டையாளரைச் சுற்றி ஸ்லிப், ஷார்ட் லெக் என்று ஆட்களைக் குவித்து, எல்லைக்கோட்டில் ஒருவரையும் நிறுத்தாமல் பந்து வீசுவது போன்றது பிரவுனின் முறை. சுமாரான மட்டையாளர்கள் திணறுவார்கள். நல்ல மட்டையாளன் தூக்கி அடித்தால் போய்ப் பொறுக்க ஆளில்லை.

2020இல், பார்வையாளர்களற்ற மைதானத்தில், ஆறே ஆட்டங்களில் நான்கைத் தோற்றபின் பிரவுன் போனார். அடுத்தது யார் என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. அனுபவமுள்ள கல்லூரிப் பயிற்சியாளர்தான் வேண்டும், உயர்நிலைப் பள்ளிகளுக்கு அலைந்து பதினேழு வயதுப் பையன்களை அணிக்குப் பேசிச் சேர்க்கும் கலை அவர்களுக்குத்தான் கைவரும் என்றது ஒரு கட்சி. நுணுக்கம் வேண்டுமானால் தொழில்முறை அணிகளிலிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்றது மற்றொன்று. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவையே மாற்ற வேண்டும், கீழே இருப்பவரை அனுப்புவது கண்துடைப்பு என்று மூன்றாவது கட்சியும் இருந்தது. என் மேலாளர் அதில் தீவிர உறுப்பினர். அலுவலகக் காணொளிக் கூட்டங்களின் முதல் ஐந்து நிமிடம் இதற்கே போயிற்று. நான் தொழில்முறைக் கட்சியில் சேர்ந்தேன். அதுவரை வானிலையைத் தவிர எதிலும் கருத்துச் சொல்லாதிருந்த என்னை, "உனக்கு என்ன தெரியும்?" என்று ஒரு சக ஊழியர் உரிமையோடு மறித்தபோது, அவமானமாக இல்லை, ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது.

2021 ஜனவரியில் வந்தவர் மைக் மெக்டொனால்ட், வயது 33. பால்டிமோர் ரேவன்ஸ் என்ற தொழில்முறை அணியில், தடுப்பாட்டத்தின் நடு வரிசையினரான லைன்பேக்கர்களுக்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தவர். அந்த அணியின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ஜான் ஹார்பா, நம் ஜிம்மின் அண்ணன். எனவே அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்று கேலி கிளம்பியது. ஆனால் வந்தவர், எதிரணியின் க்வார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர், பந்தைக் கையில் வாங்கும்வரை தன் திட்டம் இன்னதென்று காட்டிக்கொள்ளாத தடுப்பை வகுத்தார். நவம்பர் 27 அன்று, பனித் தூறலில், ஒஹாயோ ஸ்டேட்டை 42-27 என்று வென்றோம். 2011க்குப் பிறகு முதல் முறை. ஏய்டன் ஹட்சின்சன் மூன்று முறை எதிரணியின் க்வார்ட்டர்பேக்கை மடக்கி வீழ்த்தினான். சன்னலைத் திறந்து வைத்திருந்த மனைவி, "ஏங்க, தொலைக்காட்சியில் தெரிவதற்கு முன்பே இங்கே சத்தம் வந்துவிடுகிறது" என்றாள்.

அடுத்த ஜனவரியிலேயே மெக்டொனால்ட் ரேவன்ஸுக்குத் திரும்பிப் போனார். மறுபடி தேடல், மறுபடி பனி. ஒரு வருஷத்தில் ஓடிப்போகிறவரை நம்பி ஐந்து வருஷம் உழைத்தவரை விரட்டினோமே என்று பக்கத்து வீட்டுக்காரர் தொடங்கினார். அவர் பிரவுனின் தவறுகளைப் பனியில் வரைந்து காட்டியவரானாலும், ஒஹாயோவை வென்ற தடுப்பாட்டத்தின் தூண்கள் அனைத்தும் பிரவுன் காலத்தில் சேர்ந்த பிள்ளைகள் என்பதில் விடாப்பிடியாக இருந்தார். காயத்தால் 2020இல் ஹட்சின்சன் மூன்று ஆட்டங்களோடு நின்றுபோனதை யாரும் கணக்கில் கொள்ளவில்லை என்றார். ஹட்சின்சனின் அப்பாவே இந்த அணிக்கு ஆடியவர், யார் பயிற்சியாளராக இருந்தாலும் பையன் இங்கேதான் வந்திருப்பான் என்றேன்.

"அப்படியானால் டேவிட் ஓஜாபோ?" என்றார். நைஜீரியாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்து, பதின்பருவத்தில் அமெரிக்கா வந்த பிறகே இந்த ஆட்டத்தைத் தொட்டவன் ஓஜாபோ. மெக்டொனால்டின் அந்த ஒரே பருவத்தில் 11 முறை எதிரணியின் க்வார்ட்டர்பேக்கை வீழ்த்தியிருந்தான். அவனைக் கண்டெடுத்தது பிரவுனுடைய காலமா, ஆட வைத்தது மெக்டொனால்டின் வியூகமா என்று இருவரும் மண்வெட்டியில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்ததில், அள்ளிய இடத்தில் மறுபடியும் பனி விழுந்து மூடியிருந்தது.