சாரலுக்குத் தாங்கும் ஃப்ரீஹப் கிரீஸ்: 3-வது முயற்சி சரியாக வந்தது

சைக்கிளில் செங்கோட்டையில் கிளம்பி, புளியரை ஏறி, ஆரியங்காவு தாண்டி, கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் வழியாகத் தென்மலை வரை இறங்கி, அதே வழியில் திரும்ப மிதித்தாயிற்று. முழுக்கச் சாரல். ஒரு இடத்தில்கூடப் பெடல் வழுக்கவில்லை. முதல் 2 தடவை வழுக்கியதற்குக் காரணம், பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸையே ஃப்ரீஹப் கொக்கிகளுக்கும் பூசியதுதான். ஃப்ரீஹப் என்பது பின் சக்கரத்தின் நடுவில், மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியாகச் சுற்ற விடும் பாகம்; மிதிக்கும்போது அதன் கொக்கிகள் பல் வளையத்தைக் கவ்வும்.

கழற்றுவது எல்லோருக்கும் தெரிந்தது, அதை விடுகிறேன். கிரீஸ் விஷயம்தான் பேச வேண்டியது.

கொக்கியைத் தூக்கி நிறுத்துவது ஒரு மெல்லிய ஸ்பிரிங். என்எல்ஜிஐ 2 (கிரீஸின் கெட்டித்தன்மை எண்; எண் கூடினால் கெட்டி) கிரீஸ் அதற்குப் பெரிய சுமை. இறக்கத்தில் மிதிக்காமல் வரும்போது கொக்கி படுத்தே கிடக்கும். வளைவு முடிந்து மிதித்ததும் 4 கொக்கியில் ஒன்று மட்டும் பல்லைக் கவ்வும், முழு பாரமும் அதன் முனையில் விழும். முனை உடைவதும் பல் மழுங்குவதும் இப்படித்தான். சர்வீஸுக்குப் பிறகு ஹப் சத்தமே இல்லாமல் ஓடுகிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. டிக் டிக் என்று ஓடிய ஹப் திடீரென்று ஊமையானால் உடனே திறந்து பாருங்கள்.

என்எல்ஜிஐ எண் கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்லும். 25 டிகிரியில் சோதனைக் கூம்பு 2-ஆம் எண் கிரீஸில் 26.5 முதல் 29.5 மி.மீ. வரை இறங்கும், 00-வில் 40 முதல் 43 மி.மீ. கொக்கிக்கு 0 அல்லது 00 போதும். நிறத்தை வைத்து வாங்காதீர்கள்; நீலமும் சிவப்பும் வெறும் சாயம். டப்பாவின் பின்பக்கம் என்ன சோப் (எண்ணெயைக் கெட்டியாக்கும் பொருள்) என்று பாருங்கள். சாதாரண லித்தியம் கிரீஸ் தண்ணீர் புகுந்தால் பால் டீ நிறத்துக்கு மாறும். முதல் தடவை திறந்தபோது உள்ளே இருந்தது அதுதான். கால்சியம் சல்ஃபோனேட் தண்ணீருக்கு நன்றாகத் தாங்கும். பழையதைத் துடைக்காமல் வேறு சோப் கிரீஸை மேலே பூசினால் இரண்டும் சேராமல் இளகி வழிந்துவிடலாம்.

00 கிரீஸ் சில்லறையில் கிடைப்பது கஷ்டம். நீண்டகரை மாதிரி மீன்பிடித் துறைமுகப் பக்கம் படகு சாமான் கடைகளில் மரைன் கிரீஸ் கேளுங்கள், லேபிளில் கால்சியம் சல்ஃபோனேட் என்று இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அது பெரும்பாலும் 2-ஆம் எண்ணாக இருக்கும். 10 கிராமுக்கு 3 கிராம் 80டபிள்யூ-90 கியர் ஆயில் விட்டுக் குழைத்தால் கெட்டித் தயிருக்கும் மோருக்கும் நடுவில் வரும். நாளானால் எண்ணெய் பிரியும், அதனால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள்.

கொக்கிகளையும் பல் வளையத்தையும் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர விடுங்கள்; ஈரம் மிச்சமிருந்தால் புது கிரீஸ் நீர்த்துப்போகும். ஃப்ரீஹப் பாடியை முழுசாக முக்கினால் பேரிங்குக்குள்ளும் இறங்கிவிடும். ஒவ்வொரு கொக்கியின் அடிக்குழியிலும் ஒரு அரிசி அளவு. பல் வளையத்தில் பூச்சு வழியாகப் பல் தெரிய வேண்டும்.

மூடுவதற்கு முன் சோதனை: தீக்குச்சியால் கொக்கியை அழுத்தி விடுங்கள். 'டிக்' என்று எழ வேண்டும். சோம்பலாக எழுந்தால் துடைத்துவிட்டுக் குறைத்துப் பூசுங்கள். பாடியை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தும் பாருங்கள். மூணாறில் ஜனவரி விடியலில் குளிர் பூஜ்ஜியத்தைத் தொடும். அங்கே போகிறவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

ரப்பர் சீலின் உதட்டில் மட்டும் கலக்காத 2-ஆம் எண். அங்கே கெட்டியாக இருந்தால்தான் தண்ணீர் நிற்கும்.

அடுத்து பாட்டம் பிராக்கெட்டுக்கும் (பெடல் தண்டு சுழலும் அச்சுப் பகுதி) இதே மரைன் கிரீஸ்தான். ஆனால் பின் ஹப்பில் ஒரு பேரிங் இன்னும் நறநறக்கிறது. அதன் எண் 6902-2ஆர்எஸ்: உள் விட்டம் 15, வெளி விட்டம் 28, தடிமன் 7 மி.மீ. பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் போதும். ஹப்புக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும், உள் வளையத்தில் தட்டினால் குண்டுகளின் தடம் பதிந்துவிடும். பழைய பேரிங்கைத் தூக்கி எறியாதீர்கள். புதியதன் மேல் அதை வைத்து அழுத்தினால் அளவு கச்சிதம்.