அமூர் ஆத்தங்கரை: இஞ்சால ரஷ்யா, அங்கால சீனா

ரஷ்யாவின்ர தூரகிழக்கில பிளகோவேஷ்சென்ஸ்க் எண்டு ஒரு நகரம், ஸேயா ஆறு அமூர் ஆத்தோட வந்து சேருற இடத்தில கிடக்கு, ஆத்துக்கு அங்கால தெரியிறது சீனாவின்ர ஹெய்ஹே. இரவில ஹெய்ஹே கட்டிடங்கள்ர கலர் லைற் முழுக்க இஞ்சால நிண்டு பாக்கலாம், அவ்வளவு கிட்ட, ஆனா மணிக்கூட்டில மட்டும் ஒரு மணித்தியாலம் வித்தியாசம்.

எனக்கு இந்த ஊரில ஆசை வந்ததே ஆத்தைக் கடக்கிற முறையாலதான். கோடையில போட், ஐஸ் பிடிக்கத் தொடங்கினா தண்ணியிலயும் ஐஸிலயும் ஓடுற ஹோவர்கிராஃப்ட், ஜனவரியில குளிர் மைனஸ் 20க்குக் கீழ போய் ஆறு இறுகினாப்பிறகு ஐஸுக்கு மேல மிதவைப் பாலத்தைப் போட்டு அதில பஸ்ஸே ஓடும். 2009ல பாலம் திறக்கிற வரைக்கும் கிண்ணியா போக பாதைப் படகுக்குக் காத்து நிண்ட திருகோணமலை ஆக்களுக்கு இந்தப் பாடு நல்லா விளங்கும். அமூர் ஆத்துக்கு மேல பெரிய பாலம் 2019லயே கட்டி முடிஞ்சுது, ஆனா கொரோனாவால எல்லை பூட்டிக் கிடந்து 2022 ஜூனிலதான் லொறிகளுக்குத் திறந்தவை.

இன்னொண்டு, ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் சகலின் தீவுக்குப் போகேக்க 1890 ஜூனில இந்த ஊரால கப்பலில போனவர், அதே வருசம் நவம்பரில திரும்பிப் போற வழியில எங்கட கொழும்பில இறங்கி கண்டியும் பாத்திட்டுப் போனவர்!

1858 ஐகுன் ஒப்பந்தத்திலதான் ஆத்தின்ர வடகரை சீனாட்ட இருந்து ரஷ்யாவுக்குப் போச்சு. சீனாக்காரர் கனபேர் ஊருக்குள்ளயே கடை வச்சு, கூலி வேலை செய்து இருந்தவை. 1900ல சீனாவில வெளிநாட்டுக்காரருக்கு எதிரா பொக்ஸர் கலகம் நடக்கேக்க, அங்காலயிருந்து ஷெல் விழ, அந்தப் பயத்தில ரஷ்யாக்காரர் இந்தச் சனத்தை முழுக்கப் பிடிச்சுக்கொண்டுபோய், போட் ஒண்டும் குடுக்காம, நீந்திப் போ எண்டு ஆத்துக்குள்ள தள்ளினவை, இறங்க மறுத்தாக்களைக் கரையிலயே கொலை செய்தவை. ஆயிரக்கணக்கில செத்தவை. பக்கத்து வீட்டுக்காரனை ஒரு கிழமைக்குள்ள எதிரியாக்கிறது எப்பிடியெண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை, அதால இதை வாசிக்க எனக்கு நெஞ்சு அடைச்சுது.

போற ஆக்கள் ஆத்தங்கரையில 2005ல திரும்பக் கட்டின வெற்றி வளைவோட படம் எடுக்கிறதோட நிக்காம, அங்கால கடந்து ஐகுனில இருக்கிற மியூசியத்தையும் கட்டாயம் பாருங்கோ, அந்த 1900ம் ஆண்டுக் கதையை அங்க சீனாப் பக்கத்தால நிண்டு சொல்லியிருக்கினம்.