சிகேஏடி தேர்வுக்குப் படிப்போர் பயனர் எண்ணைக் கவனிக்க வேண்டிய விதம்

சிகேஏடி என்பது, கண்டெய்னர்களை (தனித்துப் பிரித்து இயக்கப்படும் செயலிகளை) நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் செயலி உருவாக்குவோருக்கான சான்றிதழ்த் தேர்வு. அதற்குத் தயாரானபோது நான் அதிக நேரம் ஒதுக்கியது, கண்டெய்னர் எந்தப் பயனராக, என்ன உரிமையுடன் இயங்கும் என்று குறிக்கும் செக்யூரிட்டி கான்டெக்ஸ்ட் பகுதிக்குத்தான். இரண்டு மணி நேரமும் செய்முறையாகவே நடக்கும் தேர்வு இது. குபெர்னெட்டிஸ் ஆவணங்களைத் திறந்து பார்க்கவும் அனுமதி உண்டு என்பதால், மனப்பாடத்தைவிட அனுமதி எங்கே, ஏன் மறுக்கப்படுகிறது என்று பிடிபடுவதே கைகொடுக்கும். தேர்வுக் கேள்விகளை வெளியிடக் கூடாது என்பது விதியாகையால், படித்த முறையை மட்டும் எழுதுகிறேன்.

முதலில், ஒரே இயந்திரத்தில் கண்டெய்னர்களை இயக்க உதவும் டாக்கரில் பழகுங்கள். கோப்பைத் திறக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், பயனரின் எண்ணைத்தான் பார்க்கிறது. பெயரோ, அந்தந்தக் கண்டெய்னரின் இடிசி அடைவிலுள்ள பாஸ்டபிள்யூடி என்னும் பயனர் பட்டியல் கோப்பிலிருந்து வருவது. வலைச் சேவையகத்துக்கான டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்னும் பயனருக்கு, லினக்ஸ் வகைகளான டெபியனில் எண் 33, ஆல்பைனில் 82. பிஹெச்பி இமேஜை (கண்டெய்னர் உருவாகும் மூலப் பொதியை) டெபியனிலிருந்து ஆல்பைனுக்கு மாற்றிவிட்டு, படங்கள் ஏற்றும் பழைய அடைவை அப்படியே இணைத்தால், பெயர் மாறாதிருந்தும் ‘பெர்மிஷன் டினைட்’ வரும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை எல், என் என்ற இரு எழுத்துகளுடன் ஹோஸ்டிலும் (கண்டெய்னர் ஓடும் இயந்திரத்திலும்) கண்டெய்னருக்குள்ளும் இயக்கிப் பாருங்கள். உரிமையாளர் எண்ணாகவே தெரிவதால் காரணம் உடனே புலப்படும். இதற்கு லினக்ஸ் இயந்திரமே ஏற்றது. மேக்கில் டாக்கர் டெஸ்க்டாப் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் மறைத்துவிடும்.

ஹோஸ்டில் உங்களுக்குள்ள எண்ணையே டாக்கர் கட்டளையின் யூசர் விருப்பத்தில் கொடுத்து இயக்கினால், உருவாகும் கோப்புகள் ரூட்டின் பெயரில் போகாமல் உங்களுடையதாகவே இருக்கும். அப்போது ஷெல்லில் ‘ஐ ஹேவ் நோ நேம்’ என்று தோன்றினால் பதற வேண்டாம். அந்த எண்ணுக்கு உள்ளே பெயர் பதிவாகவில்லை, அவ்வளவுதான். எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777-ஐக் கொடுத்துத் தப்பிப்பதை நான் தீர்வாகவே கருதுவதில்லை.

குபெர்னெட்டிஸில், எந்தப் பயனர் எண்ணில் இயங்குவது என்று குறிக்கும் ரன்ஆஸ்யூசரை பாட் (ஒன்றாக இயங்கும் கண்டெய்னர்களின் தொகுப்பு) அளவிலும் கண்டெய்னர் அளவிலும் எழுதலாம். இரண்டும் இருந்தால் கண்டெய்னரில் உள்ளதே செல்லும். இணைக்கும் வால்யூமுக்கு (சேமிப்பிடத்துக்கு) உரிய குழு எண்ணைக் குறிக்கும் எஃப்எஸ்குரூப்பை பாட் அளவில் மட்டுமே எழுத முடியும். ரன்ஆஸ்யூசர் 1000, எஃப்எஸ்குரூப் 2000 என வைத்து, பாடுடன் தோன்றி அதனுடனே மறையும் எம்ப்டிடிர் வால்யூமில் ஒரு கோப்பை உருவாக்கிப் பாருங்கள்: உரிமையாளர் 1000 என்றும் குழு 2000 என்றும் காட்டும். நோடின் (பாட் ஓடும் இயந்திரத்தின்) அடைவையே இணைக்கும் ஹோஸ்ட்பாத்துக்கு எஃப்எஸ்குரூப் செல்லாது. அங்கே நோடிலேயே உரிமையை மாற்றவேண்டும், அல்லது முதன்மைக் கண்டெய்னருக்கு முன் ரூட்டாக இயங்கும் இனிட் கண்டெய்னரில் சோன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) செய்யவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பாடில் இந்த மதிப்புகளைத் திருத்த முடியாது என்பதால், பாடை வரையறுக்கும் யாமல் கோப்பைத் திருத்தி ரீப்ளேஸ் கட்டளையை ஃபோர்ஸுடன் கொடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். பழைய பாட் நீங்கிப் புதியது எழ ஆகும் நேரத்தில் அடுத்த கேள்வியைப் படிக்கத் தொடங்கிவிடலாம்.